நாலரை அடிக் கூரை

கூடத்தில் மாசிலாமணி, மகன் கதிரேசன், மருமகள் உமையாள், அவளைப் பெற்ற தெய்வநாயகம், வரைபடம் போடும் நஸ்ரின் ஆகியோர் இருந்தார்கள்.

நஸ்ரினின் கணினித் திரையில் புது வீட்டின் மாடி எழுந்தது. மாசிலாமணியின் அறையை ஒட்டி உமையாள் புழங்கும் பக்கத்தில், சரிவுக்கூரை நாலரை அடிக்கு இறங்கியிருந்தது.

“அஞ்சரை அடிப் பொண்ணு தவழ்ந்தா போவா? உங்க மென்பொருளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?” என்று மாசிலாமணி சீறினார்.

“பழைய வீட்டுக் கேமராப் பதிவுல அவங்கவங்க நடமாடின உயரத்தைத்தான் அது எடுக்கும் ஐயா,” என்று நஸ்ரின் தயங்கினாள். “உங்க முன்னால அக்கா ஆறு வருஷமா நிமிர்ந்ததே இல்ல.”

“ஒருநாள்கூட சொல்லலியேம்மா,” என்றார் தெய்வநாயகம் மகளிடம். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

வரைபடத்தைப் பார்த்தவர்கள் உமையாளுக்குக் கூன் என்று ஊரெல்லாம் பேசினார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று மாசிலாமணி ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. பிறகு ஊராரிடம் அவரே சொன்னார்:

“கூன் கிடையாது. எனக்குப் பயந்து குனிஞ்சா.”