முதல் வேலை

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கிறது. உள்ளே மேலாளரின் மாமியார். அவர் போடும் சத்தத்தில், பொய்யில்லை, இங்கே மேசைமேல் டம்ளர் தண்ணீர் அலையடிக்கிறது. லிஃப்டின் மென்பொருளில் பிழையைத் திருத்திவிட்ட பொறியாளர், அந்த மென்பொருளை உருவாக்கித்தரும் கணினிக் கருவியிடம் என்னென்ன வேலை தெரியும் என்று பட்டியல் கேட்கப் போகிறாள். கருவியின் பெயரை மட்டும் தட்டி அனுப்பினால், அதில் முதலாவதாக எழுதியிருக்கும் வேலையை அதுபாட்டுக்குச் செய்துவிடும். அந்த வேலைகளை எழுதிவைத்தவர் கம்பெனியை விட்டே போய்விட்டார். முதலாவது ‘எல்லாவற்றையும் அழி’ என்றுகூட இருக்கலாம். பெயரைத் தட்டுகிறாள்; பக்கத்தில் ‘பட்டியல்’ என்று சேர்ப்பதற்குள், “சீக்கிரம்மா, என் குடும்பமே போயிடும்!” என்று குனியும் மேலாளரின் முழங்கை என்டரில் விழுகிறது. அந்த நொடி மாமியார்கூட மூச்சு வாங்க நிறுத்துகிறார். திரையில் வரிகள் வருகின்றன: பட்டியல் காட்டு, உருவாக்கு, சோதி, லிஃப்டில் ஏற்று, எல்லாவற்றையும் அழி. முதல் வேலையே பட்டியல் காட்டுவதுதான். “அழின்னா எதைம்மா?” என்று மேலாளர் மறுபடி குனிகிறார். அவள் கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். “நீங்க போய் உங்க மாமியார்கிட்ட பேசிட்டிருங்க சார்.”