முப்பது வருஷத்து வழக்கு

நீதிமன்றப் பதிவறை ஜன்னலில் அந்த அம்மாள், ஒருவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று கேட்கும் விண்ணப்பத்தை நீட்டினாள். அவருடைய பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தன.

“மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கிறீங்களா?” என்று கணினியைத் தட்டினார் குமாஸ்தா. “ஒரு வழக்கும் இல்லம்மா. தைரியமாப் பொண்ணு கொடுங்க.”

“முப்பது வருஷத்துக்கு முந்தி பாருங்க.”

“ஓ, சம்பந்தியா!” பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, பக்கம் பக்கமாக விரல் ஓட்டியவர் சட்டென்று நிறுத்தினார். “மாட்டிக்கிட்டாரும்மா! ஆலை வேலைநிறுத்தத்துல கைது. மூணு நாள் ஜெயில். யோசிச்சு முடிவு பண்ணுங்க.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “இனிமே என்னத்த யோசிக்கிறது? அவர் என் வீட்டுக்காரர்.”

குமாஸ்தா விழித்தார்.

“கல்யாணமான புதுசுல மூணு நாள் காணாமப் போனார். ஜெயில்ல இருந்தேன்னார். நான் நம்பல. இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லியே சண்டையில ஜெயிச்சிட்டிருக்கேன். நேத்து மறுபடியும் சத்தியம் பண்ணார். மனசு கேக்கல, வந்துட்டேன்.”

“பாவம்மா மனுஷன்! முத்திரை போட்டு நகல் தரேன், கொண்டுபோய்க் காட்டுங்க.”

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்!” ஜன்னல் வழியே கைநீட்டி அவளே பதிவேட்டை மூடினாள். “அப்புறம் எதைச் சொல்லி அவர் வாயை அடைக்கிறது?”