கப்பலில் வந்த அம்மா

“வம்சம் தேடுற குழுவுல ஒருத்தர் இருக்காரும்மா, கில்லாடி! இலவச இணைய வகுப்புல சேரச் சொன்னதும் அவர்தான். பழைய கப்பல் பதிவெல்லாம் எந்தத் தளத்துல இருக்குன்னு காட்டினதும் அவர்தான். நீயும் எந்நேரமும் ஃபோனைத் தட்டுறியே, என்ன பிரயோஜனம்?” என்றார் மாமனார்.

மருமகள் சிரித்தபடி எதிரே உட்கார்ந்து மறுபடி ஃபோனை எடுத்தாள்.

பெற்ற கையோடு கண்மூடிய அம்மாவின் பெயர்கூட மாமனாருக்குத் தெரியாது. பெற்றோர் வந்திறங்கிய கப்பலின் பொடி எழுத்துப் பட்டியலைத் துழாவிவிட்டு, ‘அம்மாவைக் காணோமே’ என்று குழுவில் போட்டார்.

கொட்டை எழுத்தில் பதில் வந்தது: ‘அப்பா பேருக்குக் கீழேயே இருக்கு. நெத்தியில ஏத்தி வச்ச கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பாருங்க, மாமா.’

விருட்டென்று நிமிர்ந்தார். “நீயா?”

“நான்னு தெரிஞ்சா கேட்டிருப்பீங்களா?”

கண்ணாடியைப் போட்ட பிறகும் எழுத்து கலங்கித்தான் தெரிந்தது.

“நீயே படிச்சுச் சொல்லும்மா.”