எனக்கான ஜெபம்

அது அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள்தானா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. என் மார்புக் கட்டிக்காக ஜெபிக்கச் சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஜெபம் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நடுவில் உட்கார்ந்தேன்.

"என்ன சிஸ்டர், வடை ஆயிட்டா?" என்றார் பாஸ்டரம்மா.

"எனக்காகத்தான ஜெபம். நானும் கேக்கணும்லா."

"நீங்க அடுக்களையில நின்னாலும் கர்த்தருக்குத் தெரியும். மாவு நீத்துப் போயிரும், போங்க."

"அப்ப மாவையும் அவரே பாத்துக்கிடட்டும்."

ஜெபம் சீக்கிரம் முடிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டேன். பாஸ்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர்கள் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறார்கள். என் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.