எல்லாம் ஒரே மாதிரி

“அதோ வருதே, அது யார் படகு?” கோட்டைக்குப்பம் கரையில் நின்றபடி வேலம்மா கேட்டாள்.

ரஞ்சனி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஏரியில் வரிசையாக நீலப் படகுகள். “சரவணன் படகா?”

“தப்பு. இப்பத்தானே சொல்லிக் குடுத்தேன்?”

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு...”

“இன்னா ஒரே மாதிரி? மூக்கு வேற, இன்ஜின் சத்தம் வேற. ஒழுங்கா பாரு.”

“அப்போ... வரதன் படகு?”

“ஐயே! அது முத்துராஜ் படகு. வாய்க்கு வந்தத சொல்றியா?”

வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ரஞ்சனிக்குக் காது சுட்டது. தெரிந்த பெயர்களும் மறந்துபோயின.

“வயிறு வலிக்குது. வீட்டுக்குப் போகட்டுமா?”

“தெனம் இதே சாக்கு! கவனமே கெடையாது. நாளைக்கு உன் நைனாவ இட்டாந்தாத்தான் உள்ள வுடுவேன்!”

சொல்லிவிட்டு வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கரெக்டா சொன்னேனா டீச்சர்? கணக்கு கிளாஸ்ல நீங்க இப்டித்தானே திட்டுவீங்க?”

ரஞ்சனி டீச்சர் தலையாட்டினாள். எண்கள் பிடிபடாத டிஸ்கால்குலியா பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் பயிற்சியில், ஆசிரியர்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் இது: ‘அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அதனிடமே ஒரு மணி நேரம் மாணவியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.’

நாலாம் வகுப்பு வேலம்மா கிட்டே வந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“டீச்சர், மெய்யாலுமே வவுறு வலிக்குதா?”

“மெய்யாவே வலிக்குதுடி.”

“எனக்கும் மெய்யாத்தான் வலிச்சுது டீச்சர்.”