கொஞ்சம் கொழுப்பு

"ஆபரேஷன் நடக்கிறப்ப உங்ககிட்டயிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்துக்கலாமா?"

வெள்ளைக் கோட்டு போட்ட ஆராய்ச்சி மாணவி கூச்சத்தோடுதான் கேட்டாள். கட்டிலில் படுத்திருந்தவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் என்னம்மா கொஞ்சம்? லாரி கொண்டு வந்திருக்கியா?"

அடுத்த கட்டில்காரிகூடச் சிரித்துவிட்டாள்.

"வாயை மூடுடி" என்று தங்கையை அதட்டினான் புருஷன்.

"நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன், அண்ணா?"

நாத்தனார், ஒட்டடைக்குச்சிக்குத் துணி மாட்டிய மாதிரி இருப்பாள். அண்ணியின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அண்ணிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. குரலை ஊரே கேட்கும். ஆளை யாரும் பார்க்க வேண்டாம். அது அவளுக்கு ரொம்ப சௌகரியம். இன்று மதியம் பித்தப்பையை எடுக்கிறார்கள்.

"என் கொழுப்பு உனக்கு எதுக்கும்மா?"

"உடம்பு பருமனா இருந்தா, கொழுப்பு அணுக்கள் உள்ளுக்குள்ளே இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி கெட்டுப்போகுதுங்க. கறுப்புத் திராட்சைத் தோல்ல ஓர் ஊதா நிறமி இருக்கு. அது அந்தத் துருவைத் தடுக்குமான்னு பார்க்கிறோம். ஒரு கோலிக்குண்டு அளவு போதும்."

"திராட்சை தின்னா இளைச்சிடலாம்னு சொல்லு!" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, இல்லைங்க. இது கண்ணாடித் தட்டுல வச்சுப் பார்க்கிற சோதனை. மருந்துன்னு ஒண்ணு வந்தாலும் அதுக்கு வருஷக்கணக்காகும்."

"ஆகட்டுமே" என்றாள் அண்ணி. "என் பொண்ணு காலத்துலயாவது வரட்டும்."

பெண் அப்படியே அம்மா வாகு. பள்ளியில் யாரோ என்னவோ சொல்லிவிட்டார்களாம். கொஞ்ச நாளாக டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

"தாராளமா எடுத்துக்கோ. இத்தனை வருஷம் சும்மா சுமந்தேன். எதுக்காவது உதவட்டும்." ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் மாணவி திரும்பி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க. ஒல்லியானவங்க ஒருத்தரோட கொழுப்பும் இன்னிக்கே வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஒப்பிட முடியும். தரேன்னு வந்தவர் ஊசியைப் பார்த்ததும் கிளம்பிப் போயிட்டார்."

"என்னோடதை எடுத்து வச்சுக்கோயேன். நாளைக்கு வேற யாராவது வருவாங்க."

"இந்த அணுக்கள் நாளை வரைக்கும் தாங்காதுங்க. எடுத்த சூட்டோட ஆரம்பிச்சாகணும்."

"அப்ப என்னோடது?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் விடுவாளா?

"அடக் கஷ்டமே! சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னுட்டாங்களே அண்ணி!"

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்றான் அண்ணன்.

"விளையாட்டுக்குச் சொன்னா இப்படியா? சரி, சரி. நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்."

போனவள் போனவள்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. அண்ணி உள்ளே போனாள், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தாள், கண் விழித்தாள். நாத்தனாரைக் காணோம். போனையும் அணைத்து வைத்திருந்தாள். விளக்கு போடுகிற நேரத்துக்குத்தான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள்.

"இவ்வளவு நேரமா காபி குடிச்சே?"

"கேன்டீன்ல கூட்டம் அண்ணா. அதான் முழிச்சிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? ஏன் அண்ணி, ஒரு பையையே எடுத்தும் இளைச்ச மாதிரி தெரியலையே!"

அவள் கிளம்பிப்போனதும் அண்ணி புருஷனிடம் தீர்மானமாகச் சொன்னாள். "உங்க தங்கச்சி இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. என் பொண்ணும் இந்தப் பேச்சைக் கேட்டு வளரணுமா?"

அவன் சரியென்று தலையாட்டினான்.

தையல் பிரிக்கப் போன அன்று அந்த மாணவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. உங்க அணுக்களைப் பார்க்க வேண்டாமா?"

"என்னோடதா? குப்பைக்குப் போயிருக்கும்னுல்ல நினைச்சேன்!"

கம்ப்யூட்டர் திரையில், கறுப்புக்கு நடுவே பச்சை உருண்டைகள் தகதகவென்று ஜொலித்தன.

"இந்தப் பச்சைதான் நான் சொன்ன துரு. இப்ப பாருங்க, நிறமி சேர்த்த பிறகு எடுத்த படம்."

அதே மாதிரி உருண்டைகள். பச்சை மட்டும் மங்கி, இருக்கிறதா இல்லையா என்றிருந்தது.

"அடங்கிப் போச்சே!"

"ஒருத்தரோடதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் நிறைய பேரோடதுல பார்க்கணும். ஆனா நல்ல ஆரம்பம்தாங்க."

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? என் பொண்ணுக்குக் காட்டணும்."

எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆமா, ஒல்லியா ஓர் ஆள் வேணும்னியே? யார் கொடுத்தது?"

"கடைசி நேரத்துல ஒருத்தங்க தானா வந்தாங்க. மருந்துக்குக்கூட இல்லை அவங்க உடம்புல, கொழுப்பு! மூணு இடத்துல குத்தித்தான் எடுக்க முடிஞ்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாங்க, பாவம்."

"மகராசி! யாரும்மா அது? நேர்ல பார்த்து ஒரு நன்றி சொல்லணுமே."

"பேரைச் சொல்லக் கூடாதுங்க. அது எங்க விதி."

"இதுல மறைக்க என்ன இருக்கு?"

மாணவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதைத்தான் நானும் கேட்டேன். 'எங்க அண்ணிக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்களைக் கிண்டல் பண்றது?'ன்னாங்க."