பிரான்சுக்குப் போய் வந்தவர்

“பிரான்ஸ் மலைக்காட்டுல என் சக்கரம் படாத சரளைப் பாதை ஒண்ணுகூடக் கிடையாது, துரை!”

பரணிதரன் இதைச் சிரிக்காமல் சொன்னான். சொன்ன இடம், கேளம்பாக்கத்தில் பதினோராவது மாடியிலுள்ள அவன் பெட்ரூம். அவனிடம் பாஸ்போர்ட் கிடையாது. சென்ற ஆண்டு அவன் செய்த நெடும்பயணம் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸோடு முடிந்துவிட்டது.

சைக்கிளுக்குப் பின்சக்கரமும் கிடையாது. அதைக் கழற்றிப் பால்கனியில் மாட்டிவிட்டு, பின்பாகத்தை ஒரு கறுப்பு மெஷினில் பூட்டியிருந்தான். எதிரே பெரிய டி.வி. மிதித்தால் திரையில் காடு நகரும். மேடு வந்தால் பெடல் கனக்கும், இறக்கம் வந்தால் லேசாகும். உலகத்தின் வேறு வேறு பெட்ரூம்களில் மிதிப்பவர்களும் தலைக்கு மேல் பெயரோடு பொம்மைகளாக அதே காட்டில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் துரை, செயினுக்கு எண்ணெய் விட்டபடியே எதையோ நோண்டி எடுத்தான்.

“இன்னா சார் இது? முள்ளு முள்ளா, காயாட்டம் கீது?”

“பால்கனி வழியா காத்துல வந்திருக்கும்.”

“பதினோராவது மாடிக்கா?”

காபியோடு வந்த ஹம்சினி அந்தக் காயைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

“துரை, நீங்கதானே இந்த மெஷினைப் பிடிச்சுக் குடுத்தீங்க? இதுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்தது?”

துரை எண்ணெய்க் குப்பியை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

“புதுப்பட்டினத்து ஆளு, அக்கா. பிரவின்குமார்னு. எட்டு மாசம் முன்னாடி ஒரு நாள் காலைல, பொண்டாட்டியாண்ட ‘போறேன்’னு சொல்ட்டு ரூமுக்குள்ள போய் இதுல குந்தினாரு. அவ்ளோதான். கதவு உள்ளாற தாப்பா போட்டு கீது. செருப்பு கீது. போனு கீது. ஆளு மட்டும் இல்ல. இன்னிக்கி வரைக்கும் தேடிகினு கீறாங்க.”

பரணிதரன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

“பிரவின்குமாரா? வாராவாரம் பார்க்கிறேனே! காட்டுல பாதை ரெண்டாப் பிரியற இடத்துல, ஒரு காலை ஊனிக்கிட்டு முதுகைக் காட்டி நிப்பான். இன்ச் நகர மாட்டான். நெட் பில் கட்டலை போல.”

“அவரேதானா சார்?”

“உலகத்துல ஒரே ஒரு பிரவின்குமார்தானாய்யா இருக்கான்?”

துரை காபியைப் பாதியில் வைத்தான். “வரேன் சார். வரேன்க்கா” என்று வழக்கத்தைவிட அழுத்தமாகச் சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினான்.

பரணிதரன் ஷூ லேஸைக் கட்டினான். ஹம்சினி கதவருகே நின்றாள்.

“இன்னிக்கு வேண்டாங்க.”

“ஒரே ஒரு மலை.”

“சரி, ‘போயிட்டு வரேன்’னாவது சொல்லிட்டு ஏறுங்க.”

“எதுக்கு?”

“‘போறேன்’னு மட்டும் சொன்னா திரும்பி வர்றதுக்கு வார்த்தையே இல்லாமப் போயிடும்.”

“பெட்ரூம்லேர்ந்து பெட்ரூமுக்குப் போறதுக்கா? நீ கிச்சனுக்குப் போறப்போ ஹால்கிட்ட சொல்லிட்டுப் போவியா?”

“இத்தனை வாரமும் சொல்லிட்டுத்தானே ஏறினீங்க?”

“அது பழக்கதோஷம். நான் டெஸ்டிங் வேலை பார்க்கிறவன் ஹம்சினி. எதையும் ஒருதடவை உடைச்சுப் பார்த்துடணும்.” சீட்டில் ஏறி உட்கார்ந்து, பத்தாவது மாடிக்கும் கேட்கும்படி கத்தினான்: “போறேன்!”

ஹம்சினியின் முகம் வெளுத்தது. சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது. உள்ளே போனாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிதித்தான். திரையில் முள்காய் தொங்கும் மரங்கள், மூடுபனி. சக்கரத்தின் கீழ் சரளை நெறுநெறுவென்று அரைபட்டது. இன்று எல்லாமே துல்லியமாக இருந்தது. கொஞ்சம் குளிரவும் செய்தது. ஏ.சி. போட்ட நினைவு அவனுக்கு இல்லை.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. பிரவின்குமார் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

தாண்டிப் போக நினைத்தபோது பெடல் இறுகியது. மேடு ஒன்றும் இல்லை. எழுந்து நின்று மிதித்தும் அசையவில்லை.

பிரவின்குமார் தலையைத் திருப்பினான். அந்தப் பொம்மைகளுக்குத் தலை திரும்பாது.

“அண்ணா,” என்றது ஹெட்போனில் ஒரு குரல். “இன்னிக்கி வூட்ல இன்னா சொல்ட்டு வந்தீங்க?”



“போ… போறேன்னு,” என்றான் பரணிதரன்.

“அப்பாடா!” எட்டு மாதமாக ஊன்றியிருந்த காலைப் பிரவின்குமார் தரையிலிருந்து எடுத்தான். “வாராவாரம் ‘வரேன்’, ‘வரேன்’னு சொல்ட்டே வந்துகினு இருந்தீங்க. பேஜாராப் பூட்ச்சுண்ணா. மாத்தி நிக்க ஒரு ஆள் வேணும்ல?”

பிரவின்குமார் சைக்கிளைத் திருப்பி, பரணிதரன் வந்த வழியே மிதித்துப் பனிக்குள் மறைந்தான்.

பரணிதரன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இறங்குவதற்காகக் காலை ஊன்றினான். ஷூவுக்கு அடியில் டைல்ஸ் இல்லை. ஈரச் சரளை. முள்முள்ளாய் ஒரு காய் கணுக்காலில் குத்தியது.

எங்கோ வெகு தொலைவில் குக்கரின் மூன்றாவது விசில் கேட்டது. தொடர்ந்து ஹம்சினியின் குரல், நிம்மதியோடு: “அதுக்குள்ள வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்க்கா,” என்றது ஹெட்போனில் கேட்ட அந்தக் குரல். “பயப்படாதீங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

பரணிதரன் சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு, யாரும் கேட்டுச் சிரித்துவிடக் கூடாது என்பதுபோல, பக்கத்து மரத்திடம் மிக மெதுவாகச் சொன்னான்:

“போயிட்டு வரேன்.”